ஜாக்குலினுக்கு முதல் வளையல் போட்டவள்

ஜாக்குலினைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை மின்ரயிலில், பெண்கள் பெட்டியில் அவள் ஏறிவிட்டால் எங்களுக்கு ரேடியோ வேண்டாம். டிக்கெட் பரிசோதகரிலிருந்து பட்டாணி விற்கிறவர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. எழும்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. "நாளெல்லாம் ஊசி குத்தி எல்லாரையும் அழ வெச்சிகினு கீறேன்க்கா. காலைலயாச்சும் நாலு பேரை சிரிக்க வெக்கணும்ல?" என்பாள்.

ஊர் கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில். ஆலம்பரைக் கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கிற காலனி. அவள் அம்மா மேரி அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, கடலை பறித்து மகளைப் படிக்க வைத்தாள். கூலி வாங்கப் போனால் நிலத்துக்காரர் வீட்டுப் பின்வாசலில்தான் நிற்க வேண்டும். ஜாக்குலின் சின்னப் பிள்ளையாக அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருக்கிறாள். அதை அவள் எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தவள். புருஷன் கிருபாகரன் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். அவன் பேசி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அந்த வீட்டில் அவனுக்குப் பேச எங்கே இடம் கிடைக்கப்போகிறது?

நான் ரோகிணி. பூக்கடைப் பக்கம் துணிக்கடையில் வேலை. இந்தக் கதையில் எனக்குப் பெரிய பங்கு ஒன்றும் கிடையாது. எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

சாவித்ரி மாமி சிங்கப்பெருமாள்கோயிலில் ஏறுவாள். பிராமண வீட்டு விதவை. புருஷன் ஸ்ரீனிவாசராகவன் ஆபீசிலேயே மாரடைப்பில் போய்விட்டார், அவர் வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள். மச்சினர் பத்ரியின் குடும்பத்தோடு இருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. ரயில் நிற்பதற்கு முன்பே ஜன்னல் கம்பி வழியாகக் கர்ச்சீப்பை வீசி இடம் பிடிப்பாள். மற்றபடி யாரோடும் பேசமாட்டாள். கர்வம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஒருநாள் அந்தக் கர்ச்சீப் நேராக வந்து ஜாக்குலின் மடியில் விழுந்தது. மாமி அலறியடித்துக்கொண்டு ஏறி வந்து நின்றாள். ஜாக்குலின் கர்ச்சீப்பை எடுக்கவே இல்லை.

"இன்னா மாமி, என் மடியவே ரிசர்வ் பண்ட்டீங்களா? உக்காருங்க, வெயிட்டு தாங்கும்."

பெட்டியே சிரித்தது. மாமி முதலில் விழித்தாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இத்தனை சிரிப்பை இந்த அம்மாள் எங்கே வைத்திருந்தாள் என்று எனக்கு ஆச்சரியம். மறுநாளிலிருந்து கர்ச்சீப்புக்கு வேலை இல்லை. ஜாக்குலின் தன் பையைப் பக்கத்து சீட்டில் வைத்து மாமிக்கு இடம் பிடிக்க ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் அந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க முடியாது. மாமி புளியோதரை கொண்டுவந்தால் முதல் வாய் ஜாக்குலினுக்கு. ஜாக்குலின் வீட்டில் கருவாடு வறுத்த நாளில், "மாமி, இன்னிக்கு என் டப்பாவை மோந்துகூட பாக்காதீங்க" என்பாள். "நான் மூக்கைத் திறந்தாத்தானேடி" என்பாள் மாமி. ஆனால் ஒன்று. இத்தனை வருஷத்தில் இவள் வீட்டுப் படியை அவள் மிதித்ததில்லை, அவள் வீட்டுப் படியை இவள் மிதித்ததில்லை. ரயில் சிநேகம் என்று சும்மாவா சொன்னார்கள்?

மாமி தன் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். மூன்று முறை உண்டாகி மூன்றும் தங்கவில்லை. பத்ரியின் பெண் கீர்த்தனாவுக்குச் சீமந்தம் நடந்தபோது சமையல் முழுக்க மாமிதான். வளையல் அடுக்குகிற நேரம் வந்ததும், "மன்னி, உள்ள பால் பொங்கறதா பாருங்கோ" என்று அனுப்பிவிட்டார்களாம். அடுப்பில் பாலே இல்லையாம். அதை மாமி சிரித்துக்கொண்டே சொன்னாள். ஜாக்குலின் சிரிக்கவில்லை.

இன்னொரு நாள் பேச்சுவாக்கில் மாமி சொன்னாள், "பொண்ணு பொறந்தா மதுவந்தின்னு பேர் வெக்கணும்னு இருந்தேன். அது ஒரு ராகம். கல்யாணத்துக்கு முன்னாடி பாட்டு கத்துண்டேனோல்லியோ."

"மதுவந்தி. சோக்கா கீதே மாமி."

"எங்காத்துல கொழந்தை காதுல பேரை மூணு தரம் சொல்லுவோம். அதைச் சொல்றதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்."

"நாங்க தலைல தண்ணி ஊத்தி பேர் வெப்போம். பேஜாரா அழுவும்" என்றாள் ஜாக்குலின். பேச்சு எங்கேயோ போய்விட்டது. நானும் அதை மறந்துவிட்டேன்.

எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு ரயிலுக்கு வாழைக்கன்று கட்டுவோம். யாராவது உண்டாகியிருந்தால் ஓடுகிற ரயிலிலேயே வளைகாப்பு. சந்தனம், குங்குமம், கண்ணாடி வளையல், ஆளுக்கு ஒரு கலந்த சாதம். தாம்பரத்தில் கூட்டம் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். முதல் வளையல் போடுவது எப்போதும் செங்கம்மாள்தான். நாலு பிள்ளை பெற்றவள், புருஷன் குத்துக்கல்லாக இருக்கிறான், ராசியான கை என்று பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஜாக்குலின் உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். "உங்க சர்ச்சுல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?" என்று யாரோ கேட்டதற்கு, "வளையலுக்கு இன்னா ஞானஸ்நானமா குடுத்து வெச்சிருக்கு?" என்றாள். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியதும் செங்கம்மாள் பச்சை வளையலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜாக்குலின் கையை மடக்கிக்கொண்டாள்.

"மொதல் வளையல் மாமி போடட்டும்."

செங்கம்மாள் வளையலோடு திரும்பி மாமியைப் பார்த்தாள். மாமியின் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம்டி ஜாக்கு. அசடே. நான் போடப்படாது."

"ஏன், கை கீதுல்ல?"

"விளையாடாதே."

"நீங்க போடலன்னா நான் பொத்தேரில எறங்கி திரும்பிப் போய்டுவேன். புள்ளதாச்சி மனசை நோவடிச்ச பாவம் உங்களுக்குதான்."

அவள் செய்யக்கூடியவள். மாமி எழுந்தாள். செங்கம்மாளிடமிருந்து வளையலை வாங்கினாள். ஜாக்குலினின் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, மெதுவாக ஒன்றை ஏற்றினாள். இரண்டாவதை ஏற்றும்போது ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. வளையல் உடைந்து ஜாக்குலின் மணிக்கட்டில் ஒரு பொட்டு ரத்தம்.

மாமி பின்னால் நகர்ந்துவிட்டாள். "திருஷ்டி கழிஞ்சிது, நல்லதுதான்" என்று நான் சத்தமாகச் சொன்னேன். ஜாக்குலின் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் நான் ரத்தம் எடுக்கறேன், எனக்கு மாமி எடுத்துட்டாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மாமி அன்று சாப்பிடவில்லை.

பிரசவத்துக்கு ஜாக்குலின் கடப்பாக்கம் போனாள். ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் வயிற்றில் அசைவு இல்லை என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். ஸ்கேனில் துடிப்பு இல்லை. கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டிருந்ததாம். பெண் குழந்தை. கிருபாகரன்தான் எனக்கு போன் பண்ணினான். அவன் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். "அக்கா, பாப்பா இல்லக்கா" என்றான்.

மறுநாள் பெட்டியில் நான் அதைச் சொன்னதும் அழாதவள் இல்லை. செங்கம்மாளும் அழுதாள். அழுதவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அன்னிக்கே நெனச்சேன். எதுக்கும் ஒரு மொறை கீதுல்ல. யார் கைல வாங்கணுமோ அவங்க கைல வாங்கணும்."

"வாயைக் கழுவு முதல்ல" என்று நான் கத்தினேன். பிரயோஜனமில்லை. மாமி ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று கடற்கரையில் இறங்கிப் போனவள்தான். அதற்கப்புறம் அந்த ரயிலில் மாமியை யாரும் பார்க்கவில்லை. போன் பண்ணினால் எடுப்பதில்லை.

ஜாக்குலின் திரும்பி வந்தபோது பாதியாக இருந்தாள். பெட்டியில் ஏறியதும் பழக்கதோஷத்தில் பையைப் பக்கத்து சீட்டில் வைத்தாள். சிங்கப்பெருமாள்கோயிலில் எழுந்து நின்று கதவுப் பக்கம் பார்த்தாள். "மாமி லீவா?" என்றாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். செங்கம்மாள் சொன்னதை எப்படி அவளிடம் சொல்வது? ஒரு வாரம் பை அந்த சீட்டிலேயே இருந்தது. அப்புறம் ஒரு சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் மாமி வீட்டைத் தேடிக்கொண்டு போயிருக்கிறாள்.

திங்கட்கிழமை என்னிடம் சொன்னாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"கோயில் தெருக்கா. விசாரிச்சிகினு போனேன். மாமிதான் வந்தாங்க. கம்பி கேட்டு பூட்டிகினு இருந்துது. தொறக்கல. 'உள்ள வராதே ஜாக்கு, போயிடு'ன்னாங்க. மூஞ்சியக்கூட பாக்கலக்கா."

"வேற யாராச்சும் இருந்தாங்களா?"

"யாரா இருந்தா இன்னா? ரயில்ல எல்லாம் ஒண்ணுதான். வூடுன்னு வந்தா அவங்க வேற, நாம வேற. எங்கம்மா பின்வாசல்ல நின்னுச்சு. நான் படிச்சி, வேலைக்குப் போயி, முன்வாசல் வரைக்கும் வந்துட்டேன். அவ்ளோதான்க்கா முன்னேத்தம்."

அதற்கப்புறம் அவள் ரயிலில் பேசுவதை விட்டுவிட்டாள். பட்டாணிக்காரர்கூட, "இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று கேட்டுப் பார்த்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு எழும்பூர் வரை ஜன்னலையே பார்ப்பாள். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். மாமியைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்வாள். அப்படியே மாதங்கள் ஓடி, ஒரு வருஷம் நெருங்கிவிட்டது.

குழந்தையின் முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு ஜாக்குலின் ஊருக்குப் போய்விட்டு வந்த மறுநாள் அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் சிங்கப்பெருமாள்கோயிலுக்குப் போனேன். மாமி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டைத் திறந்தாள். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"எனக்கு மட்டும் தொறக்குதா உங்க கேட்டு?" என்றேன்.

மாமி என் கையைப் பிடித்தாள். "அவ எப்படி இருக்கா? மறுபடியும் உண்டாயிருக்காளா?"

"உங்களுக்கு இன்னா அக்கறை?"

"ரோகிணி, நான் தொட்டது எது தங்கித்து, சொல்லு. என் வயித்துல மூணும் தங்கலை. அவரும் தங்கலை. கீர்த்தனாக்கு என்னை உள்ள உக்கார வெச்சா, கொழந்தை நன்னா பொறந்துது. இவ பிடிவாதம் பிடிச்சா, நான் போய்ப் போட்டேன். கையிலேயே உடைஞ்சுது. அந்தக் கொழந்தையை நான்தான் முழுங்கிட்டேன். இன்னொண்ணு அவளுக்குத் தங்கணும்னா நான் அவ கண்ணுல படப்படாது. அதான் வண்டியை மாத்திண்டேன். அன்னிக்கு வாசல்ல வந்து நின்னாளே, ஓடிப் போய்க் கட்டிக்கணும்னு இருந்துது. பல்லைக் கடிச்சுண்டு துரத்தினேன்."

என் நாலு கேள்வியும் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்புறம் சொன்னேன். "மாமி, அவ அப்படி நெனைக்கல. காலனிப் பொண்ணுன்னு நீங்க கேட்டைத் தொறக்கலன்னு நெனச்சிகினு கீறா."

மாமிக்கு முதலில் புரியவே இல்லை. "என்ன காலனி?" என்றாள். புரிந்ததும் ஈரத் துணியோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அது எனக்குத் தோணவே இல்லையேடி. ஒரு வருஷமா அப்படியா நெனச்சுண்டிருக்கா? ஐயோ, அப்படியா நெனச்சுண்டிருக்கா?"

தோணவே இல்லை. அது நிஜம்தான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை மறந்து இருக்கிற வசதி மாமிக்கு இருந்தது. ஜாக்குலினுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பூட்டின கேட் ஒன்றைப் பார்த்தால் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது அம்மா நின்ற பின்வாசல். அதே மாதிரி, விதவை கை ஆகாது என்ற பயம்தான் கேட்டைப் பூட்டியது என்று ஜாக்குலினுக்குத் தோணவே இல்லை. மாமிக்கு அதைத் தவிர வேறெதுவும் தோணவில்லை. எங்கள் ஜனம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது. மேலே பார்த்துக் கும்பிடும், கீழே பார்த்து முறைக்கும். அதனால்தானோ என்னவோ இரண்டு வலியும் எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. தெரிந்து என்ன, ஒரு வருஷம் போனது போனதுதானே.

மறுநாள் ரயிலில் ஜாக்குலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன், செங்கம்மாள் பேசியதையும் சேர்த்து. வண்டலூர் தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "கொடி சுத்திகினு செத்த புள்ளைக்கு இவங்க வளையல் இன்னாக்கா பண்ணும்? லூசு மாமி. நானும் ஒரு லூசு." எழும்பூரில் இறங்கும்போது திரும்பி, "ஞாயித்துக்கெழமை அம்மா வூட்டுக்குப் போறேன். மாமியைக் கூட்டிகினு வாங்க. வூட்டுக்கு அப்பறம் போலாம். மொதல்ல பாப்பாகிட்ட" என்றாள்.

நான் போய்ச் சொன்னேன். "எங்களவாள்ல பொம்மனாட்டிகள் அந்த இடத்துக்கெல்லாம் போறதில்லை" என்றாள் மாமி. சொல்லிவிட்டு உள்ளே போனாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

திருக்கழுக்குன்றம் வந்தபோது பஸ்ஸில் எல்லோரும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமியின் கையும் பழக்கத்தில் எழுந்தது. பாதியிலேயே கீழே இறக்கிவிட்டாள். "கேக்கறதுக்கு என்ன இருக்கு" என்றாள். கல்பாக்கத்தில் பாண்டிச்சேரி பஸ் பிடித்தோம்.

ஜாக்குலின் கடப்பாக்கம் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். மாமி இறங்கி நாலடி தள்ளியே நின்றாள். ஜாக்குலின் கிட்டே வந்து, ரயிலில் வாங்குகிற மாதிரியே, மாமி தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முன்னால் அவள், பின்னால் மாமி, கடைசியில் நான்.

கல்லறைத் தோட்டம் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம். எல்லாம் மணல். அலைச் சத்தம் பக்கத்திலேயே கேட்டது. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன சிமெண்ட் சிலுவை. ஈர சிமெண்டில் கிருபாகரன் ஆணியால் எழுதியிருக்கிறான். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

மதுவந்தி என்று இருந்தது.

"மூச்சே வுடாத புள்ளைக்கு இன்னாத்துக்கு பேருன்னு ஊர்ல கேட்டாங்க" என்றாள் ஜாக்குலின். "இது எந்தப் புனிதர் பேரும்மான்னு ஃபாதர் கேட்டாரு. எங்க மாமி பொண்ணு பேருன்னு சொன்னேன். அப்பறம் உங்க மேல வந்த கோவத்துல ஒருநா சுத்தியல் எடுத்துகினு வந்தேன் மாமி, பேத்து எறிஞ்சிடலாம்னு. கை வரல."

மாமி மணலில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையேடி."

"பொறந்ததும் உங்களைத்தான் காதுல சொல்லச் சொல்லணும்னு இருந்தேன்."

மாமி அழுதாள். ஜாக்குலினும் அழுதாள். எனக்கு அவர்கள் பக்கத்தில் நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமி சிலுவையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மணலுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், ரகசியம் மாதிரி, "மதுவந்தி" என்றாள்.

"சத்தமா சொல்லுங்க மாமி. அலை சத்தத்துல அதுக்குக் கேக்காது."

மாமி சத்தமாகச் சொன்னாள். மூன்றாவது தரம் அவளுக்குக் குரல் வரவில்லை. அதை ஜாக்குலின் சொன்னாள்.